பழைய டெஸ்க்டாப்பில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்: எங்கே சறுக்குகிறோம்?

மூடியைக் கழற்றி, இரண்டு கேபிளைச் செருகி, நான்கு திருகு போட்டால் முடிந்தது. கைவேலை அவ்வளவுதான். டேட்டா பறிபோவது பெரும்பாலும் மூடியை மாட்டிய பிறகு, மவுஸைப் பிடித்த கையால்தான்.

முதல் தவறு, பெட்டிக்குள் பார்க்காமலே கடைக்குப் போவது. ஜி31, ஜி41 சிப்செட் கொண்ட பழைய மதர்போர்டுகளில் வழக்கமாக 4 சாட்டா போர்ட் (டிஸ்க்கின் டேட்டா கேபிளைச் செருகும் இடம்) இருக்கும். இருக்கிற டிஸ்க்குக்கு ஒன்று, டிவிடி டிரைவுக்கு ஒன்று போனாலும் இரண்டு மிச்சம். அதைவிடப் பழசாகி, 40 பின் அகலக் கேபிள் மட்டும்தான் இருக்கிறது என்றால் மாஸ்டர், ஸ்லேவ், ஜம்பர் என்று வேறு கதை. அதற்குச் செலவு செய்வதே வீண் என்பேன்.

போர்ட் இருந்தும் மின்சார இணைப்பு இல்லாமல் போவதுண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா பவர் முனை ஒன்றோ இரண்டோதான். உடனே மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் மலிவான கேபிள் ஒன்றை வாங்கிவிடுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. வயர்களை உள்ளே வைத்து மொத்தமாகப் பிளாஸ்டிக் ஊற்றி வார்த்தது ஒன்று. ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகப் பொருத்தி, பின்னால் மூடி போட்டது இன்னொன்று. வார்த்த வகையில் உள்ளே வயர்கள் நெருங்கிப்போய் ஷார்ட் ஆகி, உருகி, தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. சில ரூபாய் கூடினாலும் இரண்டாவது வகையையே வாங்குங்கள்.

டிஸ்க்கைக் கேபிளிலேயே தொங்கவிடாதீர்கள். சுழலும் பொருள், அதிரும்.

கொள்ளளவிலும் ஒரு பொறி இருக்கிறது. 4 டிபி டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும்) முறையில் அமைத்தால் 2 டிபிக்கு மேல் கைக்கு வராது, ஜிபிடி என்ற புது முறை வேண்டும். விண்டோஸ் 7 அதை டேட்டா டிஸ்க்காகப் படிக்கும், 32 பிட் எக்ஸ்பி படிக்காது. 1 டிபி வாங்கி 931 ஜிபி காட்டினால் மட்டும் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது கணக்கு வித்தியாசம்.

டிஸ்க் மாட்டியதும் விண்டோஸ் வரவில்லையா? பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அமைப்பு) பூட் வரிசை மாறியிருக்கும், பழைய டிஸ்க்கை முதலில் வையுங்கள். அங்கே போன கையோடு, சாட்டா இயங்கும் முறை 'ஐடிஇ' என்றிருப்பதை 'ஏஹெச்சிஐ' என மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் 7-ஐ அதற்குத் தயார் செய்யாமல் மாற்றினால் நீலத்திரைதான் வரும்.

சரி, இப்போது மவுஸ் விஷயம். புது டிஸ்க் 'மை கம்ப்யூட்டரில்' தெரியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் செய்ய வேண்டும். புது டிஸ்க்குக்கு இது சரி. வேறு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வந்த டிஸ்க்குக்கு இதையே செய்தால் போச்சு. லினக்ஸில் ஓடிய டிஸ்க்கை மாட்டினாலும் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்றுதான் கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாததால் கேட்கிறது. டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. பார்ட்டிஷன் சரியாகத் தெரிந்து டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், எழுத்து கொடுத்தாலே போதும்.

நான் சறுக்கியது இங்கேதான். மச்சானின் பழைய டிஸ்க்கிலிருந்து கல்யாணப் போட்டோக்களை என் புது டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்தேன். இரண்டுமே 500 ஜிபி. எது டிஸ்க் 1, எது டிஸ்க் 2 என்று பார்க்காமல் ஃபார்மட் அழுத்திவிட்டேன். மூடியை மாட்டுவதற்கு முன் லேபிளில் உள்ள மாடல் எண்ணைக் குறித்திருந்தால் தப்பித்திருக்கலாம். இன்னும் நல்லது, ஃபார்மட் செய்யும் நேரத்தில் மற்ற டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பது.

குயிக் ஃபார்மட் என்பதால் பிழைத்தேன். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதிவிடும், பிறகு மீட்க ஒன்றும் இருக்காது. நான் ஃபார்மட் செய்துவிட்ட மச்சானின் டிஸ்க்கில் வேறெதையும் எழுதாமல் நிறுத்தி, அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டி, மூன்றாவது டிஸ்க் ஒன்றில் மீட்டேன். படங்கள் பெரும்பாலும் வந்தன. ஆனால் ஃபோல்டர், ஃபைல் பெயர் எல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக வந்தன. எது நிச்சயதார்த்தம், எது வரவேற்பு என்று மச்சான் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.