நம்பிக்கை தரும் மாயக்கதைகளை நாம் தவறவிடும் விதங்கள்

"நல்ல கதை என்றுதானே கொடுத்தீர்கள், அத்தை?" என்று கேட்டபடி அண்ணன் மகள் புத்தகத்தை ஆசாரத்துக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கடல் பின்வாங்கிப் போய்விட்ட ஒரு காலத்தில், கப்பலே வராத கலங்கரை விளக்கத்துக்குத் தினமும் எண்ணெய் ஊற்றுகிற ஒரு கிழவரின் கதை அது. நாற்பதாம் பக்கத்தில் கிழவர் இறந்துவிடுகிறார். "தாத்தா செத்துப் போகிறாரே! எனக்கு வேண்டாம்."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேர் கூடுவோம். மாயக்கதை, அறிவியல் புனைகதை, பிற்காலத்தைக் கற்பனை செய்கிற கதை என்று கையில் கிடைப்பதைப் படிப்போம். ரத்தமும் இருட்டுமாகவே போகிற கதை வேண்டாம். சாமி கும்பிடுகிறவரை முட்டாளாகக் காட்டுகிற கதை வேண்டாம். கணவனும் மனைவியும் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் மனிதராக நடத்துகிற கதையாக இருக்கட்டும். எங்கள் நிபந்தனை இவ்வளவுதான். அப்படிப்பட்ட கதைகளைத் தேடிப் பிடிப்பது கடினம் என்றே முதலில் நினைத்தோம். கிடைத்த பிறகு அவற்றைச் சரியாகப் படிப்பதுதான் இன்னும் கடினமாக இருந்தது. நாங்கள் செய்த தவறுகளையும், பிறர் செய்யப் பார்த்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் மகள் செய்தது தலையாய தவறு: நம்பிக்கைக் கதை என்றால் அதில் கெட்டது எதுவுமே நடக்காது என்று நினைத்துக்கொள்வது. அவளுக்கு நான் வெளிநாட்டு உதாரணம் எதையும் காட்டவில்லை. அவிநாசிக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்கிற முதலைக் கதையையே திரும்பச் சொன்னேன்.

சுந்தரர் அன்று திருப்புக்கொளியூர் எனப்பட்ட அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகை. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஐந்து வயதுச் சிறுவர்கள் இருவர் மடுவில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, மற்றவன் தப்பினான். தப்பியவனுக்கு இன்று பூணூல். அந்த ஒலிதான் எதிர்வீட்டில் அழுகையாக எழுந்திருக்கிறது. மகனை இழந்த தாயும் தந்தையும் சுந்தரர் வந்திருப்பது தெரிந்ததும் கண்ணீரை மறைத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு வந்து வணங்குகிறார்கள். அவர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது. சேக்கிழார் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்கிறார். திரும்பி வந்தவன் ஐந்து வயதுப் பாலகன் அல்லன். கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு வருகிறான். எதிர்வீட்டுப் பையனோடு சேர்ந்து அவனுக்கும் பூணூல் போட முடிகிறது.

எதிரெதிரான அந்த இரண்டு வீடுகளை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் என்ன மிஞ்சும்? ஒரு முதலை மிஞ்சும். பெற்றோர் துயரத்தை மறைத்துச் சிரித்த அந்தக் கணம் இல்லாமல் பிள்ளை வந்த மகிழ்ச்சிக்கு எடையே கிடையாது. இங்கிலாந்து எழுத்தாளர் டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக்கதைகள் பற்றி ஓர் உரை ஆற்றினார். அது பின்னர் நீண்ட கட்டுரையாக வெளிவந்தது. எல்லாம் போயிற்று என்னும் நேரத்தில் வருகிற நல்ல திருப்பத்துக்கு அதில் அவர் ஒரு புதுச் சொல்லையே ஆக்கியிருக்கிறார். துயரமும் தோல்வியும் இல்லையென்று அந்தத் திருப்பம் மறுப்பதில்லை, அவை நேரக்கூடும் என்பதே மீட்சியின் மகிழ்ச்சிக்கு அவசியம் என்பது அவர் வாதம். அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர். தம் சமயத்தின் உயிர்த்தெழுதல் நம்பிக்கையோடு இதை இணைத்தே பேசுகிறார். அவிநாசி கோயிலுக்குப் போய் வருகிற எனக்கு அதைப் புரிந்துகொள்வதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இங்கேயே இன்னொரு தவறையும் சொல்லிவிடலாம். வேற்றுச் சமயத்தின் வாசனை அடிக்கிற மாயக்கதையை எடுத்ததும் சிலர் மதமாற்றத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வாங்கியதுபோல விறைத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், கதையில் ஒருவர் கைகூப்பினாலே "பக்திக் கதை" என்று முத்திரை குத்தித் தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பாருக்கும் என் கேள்வி ஒன்றுதான்: கதையில் வருகிறவர் யாரைக் கும்பிடுகிறார் என்பது இருக்கட்டும், கும்பிட்டுவிட்டு எழுந்தபின் என்ன செய்கிறார்?

தெய்வ நம்பிக்கை வருகிற கதைகளில் வாசகர் வழுக்கி விழும் இடம் வேறு. ஒவ்வொரு அற்புதத்துக்கும் விளக்கம் கேட்பது. எழுதியவரும் பயந்துபோய்க் கடைசி அத்தியாயத்தில் கணக்கு வாத்தியார்போல எல்லாவற்றையும் தீர்த்துக்காட்டிவிடுகிறார். காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முருகன் ஒரு பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் மலைக்கு வந்து தெரிவிக்கிறார். சாமியிடம் பூக்கேட்டுப் பார்த்து, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளை ஆண்டவர் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த பக்தருக்குக் கனவு வந்து வேறு பொருள் வரும்வரை அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது. அந்தப் பொருள் நாட்டில் நடக்கப்போவதைக் குறிப்பால் உணர்த்தும் என்பது நம்பிக்கை.

பெட்டிக்குள் பொருள் இருக்கும், அதற்குப் பொழிப்புரை இருக்காது. விலை ஏறுமா, மழை பெய்யுமா என்று படியிறங்கும்போது நாமாகப் பேசிக்கொண்டே வருகிறோம். தெய்வத்தை வைத்துக் கதை எழுதுகிறவருக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. கும்பிட்டதும் விசையைத் தட்டினாற்போல வேலை நடந்துவிடுகிற கதையில் இருப்பது பம்புசெட். அப்படிப்பட்ட கதைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்து உறவுகள். இதில் நான் கொஞ்சம் கறாரானவள். இப்போது வருகிற மாயக்காதல் கதைகளில் ஒரு நாயகன் உண்டு. நூற்றாண்டுகளாக உயிர்வாழ்கிறவன், அழகன், விதியே இவளை எனக்கு என்று எழுதிவைத்துவிட்டது என்பான். அவள் போகுமிடமெல்லாம் பின்னால் போவான், அவளுடைய பாதுகாப்புக்காக என்று சொல்லி அவளைக் கோட்டையில் பூட்டுவான். பின்னட்டையில் "தூய காதல்" என்று போட்டிருக்கும். முத்தக் காட்சி இல்லை என்பதால் அது தூயதாகிவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒருவன் அப்படிப் பூட்டிவைத்தால் நாம் என்ன செய்வோம்? "எத்தனை பிரியம் பாருங்கள்" என்றா சொல்வோம்?

சண்டையே இல்லாத தம்பதியைத் தேடுவதும் இதற்குச் சளைக்காத தவறு. நான் பார்ப்பது இரண்டு சின்ன விஷயங்களைத்தான். யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிறார்களா? ஒருவர் மற்றவரிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிறாரா?

விஜயமங்கலம் என்றால் இன்று எல்லோருக்கும் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர் சமணப் புலவர் கொங்குவேளிர். அவர் பாடிய பெருங்கதையின் முதலும் முடிவும் கிடைக்கவில்லை, எஞ்சியதை உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். அதில் கருவுற்ற வாசவதத்தைக்கு ஒரு மசக்கை ஆசை. பழந்தமிழில் அதை வயா என்பார்கள். மாங்காயோ சாம்பலோ அவளுக்கு வேண்டாம். வானத்தில் பறக்க வேண்டும்! அவள் கணவன் உதயணன் நாட்டை ஆள்கிற அரசன். பைத்தியமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வழி தேடுகிறான், வானூர்தி கிடைக்கிறது, அவள் பறக்கிறாள், வயாவும் தீர்கிறது. அவனுக்கு மனைவியர் பலர். அவனை உத்தமக் கணவன் என்று நான் வழக்காட வரவில்லை. ஆனால், கேட்பவள் வெளியே சொல்லக் கூசுகிற ஓர் ஆசையை எதிரில் இருப்பவர் கவனமாகக் கேட்டுக்கொண்ட அந்த இடம் இருக்கிறதே, அதற்காக அவனுடைய பல குறைகளைக் கொஞ்சநேரம் மறந்துவிடலாம்போல இருக்கிறது. இந்த வகைக் கதையெல்லாம் நமக்கு அந்நியம், மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கும் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும் நேரத்தில் இதைச் சொல்லி முடித்துவிடலாம்.

காதல் மட்டுமே உறவு என்று தேடுவதும் வேண்டாம். நான் ரசித்த பல கதைகளில் அம்முச்சியும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) பேரனும்தான் நாயகர்கள்.

"குடும்பத்தோடு படிக்கலாம்" என்ற முத்திரையை அப்படியே நம்புவதைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த முத்திரை ஒரு புத்தகத்தில் என்ன இல்லை என்பதைச் சொல்லும். என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அரிசிம்பருப்புச் சாதம் எளிய சாப்பாடுதான். ஆனால் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் பதமாகத் தாளிக்காவிட்டால் அதை வாயில் வைக்க முடியாது. பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் நடுவில் ஒரு பத்துப் பக்கத்தை நின்றபடியே படித்துப் பாருங்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் அதற்காக யாரும் என்னை இதுவரை விரட்டியதில்லை.

உலகத்தையே காப்பாற்றினால்தான் நம்பிக்கை என்று எதிர்பார்ப்பதும் பழகிப்போன தவறு. வங்காளத்து ரொக்கேயா எழுதிய சுல்தானாவின் கனவு 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் அச்சானது. பெண்கள் ஆளும் நாடு அது. அங்கே பல்கலைக்கழகப் பெண்கள் வானத்தில் பலூனை நிறுத்தி, குழாய் மாட்டி, மேகத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறார்கள். வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள். அவர்களுடைய சமயம் அன்பும் உண்மையும். இதை எங்கள் வீட்டில் படித்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பகுதி இது. 2024 ஆகஸ்டில் அது தொடங்கி, பவானியின் உபரிநீரைக் குழாயில் ஏற்றி மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வறண்ட குட்டையில் தண்ணீர் வந்து நிற்பதைப் பார்த்த ஒருவருக்கு, ஒரே ஒரு குட்டை நிரம்புவதோடு முடிகிற கதை போதும். அரக்கனின் தலை உருள வேண்டியதில்லை. அதே கதையை வியந்துவிட்டு விட்டுவிடாமல், அந்த நாட்டில் ஆண்களை உள்ளே அடைத்து வைத்திருப்பதையும் கேளுங்கள். அடைபட்டுக் கிடந்த பெண்களின் நிலையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும் கேலி அது. எந்த நல்லுலகக் கதையிலும் கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாகச் சொல்லப்போகும் தவறு என்னுடையது. பெரியப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரியம்மாவிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். இதே கலங்கரை விளக்கக் கதைதான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. பெரியம்மா வாங்கி, மடியில் வைத்து, அட்டையைத் தடவிவிட்டு, "சரி கண்ணு" என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு மஞ்சள் பையில் போட்டு யாரிடமோ கொடுத்தனுப்பினார். நாற்பதாம் பக்கத்தில் பெருந்துறை பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாக இருந்தது. அதற்கு மேல் ஒரு பக்கமும் புரண்டதாகத் தெரியவில்லை. மாத்திரைச் சீட்டு எழுதுவதுபோலக் கதையை நீட்டினால் இப்படித்தான் ஆகும். நம்பிக்கையை நாம் போய்த் திணிக்கக் கூடாது. வேண்டியவர் தாமாகக் கேட்கும்வரை புத்தகம் அலமாரியில் இருந்தால் கெட்டுப்போகாது.

அந்த டிக்கெட்டைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அண்ணன் மகள் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். நான் எதுவும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் மாரியம்மன் நோம்பிக்குப் பெரியம்மா வந்திருந்தார். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, "அந்த விளக்குக்கு அப்புறம் யார் எண்ணெய் ஊற்றினார்கள்?" என்று கேட்டார். முடிவைச் சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் மகளுக்குத்தான் கோபம். அவள் அப்போது தொண்ணூறாம் பக்கத்தில் இருந்தாள்.