வாரிசுச் சண்டைக் கதை எழுதுபவர்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஃபேன்டஸி நாவல் எழுதுகிறார்கள். பேரரசர் சாகிறார், அரச குடும்பம் மூன்றாக உடைகிறது, அரியணை காலி. நல்ல கரு. ஆனால் எழுதிப் பழகியவர்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழையும் நீளமான போர்க்காட்சியும் திருத்தும்போது சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

முறையை எழுதாமல் சண்டையை எழுதுவது

இதுதான் நாவலையே சாய்ப்பது. எத்தனை பிரதி படித்தாலும் எரிச்சல் அடங்காததும் இதற்குத்தான்.

மூத்த மகன் நல்லவன், சித்தப்பா பேராசைக்காரர் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவாகிவிடும். அரியணை மூத்த மகனுக்குத்தான் என்று அந்த நாட்டில் யார் சொன்னது? எங்கும் இருக்காது. அப்படியானால் சித்தப்பா வெறும் திருடர், கதை வெறும் திருட்டுக் கதை. இருநூறு பக்கம் தாண்டி ஒரு மந்திரி ‘மரபுப்படி’ என்று வாயைத் திறக்கும்போதுதான் அந்த மரபு என்ன என்று எழுதுபவர் யோசிக்கிறார். அப்போது முறையைச் சேர்த்தால் எந்தத் தளபதி எந்தப் பக்கம், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் எல்லாம் மாறும். பாதி நாவலைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

வாரிசுச் சண்டையில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு முறைப்படி சரியானவராக இருக்க வேண்டும். சோழர் வரலாற்றையே பாருங்கள். கண்டராதித்தர் இறந்தபோது மகன் உத்தமசோழர் சிறுபிள்ளை. அதனால் தம்பி அரிஞ்சயர் ஆண்டார், அவருக்குப் பின் அவர் மகன் சுந்தரசோழர். பிறகு அண்ணன் வழியா, ஆண்டுகொண்டிருக்கும் வழியா என்ற கேள்வி எழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. உத்தமசோழர் ஆண்டு முடித்த பிறகுதான், 985-இல், சுந்தரசோழரின் மகன் ராஜராஜர் முடிசூடினார்.

இன்னொன்று 1070. அதிராஜேந்திரருக்குப் பின் வந்த முதலாம் குலோத்துங்கர் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியர். தாய் அம்மங்கை, முதலாம் ராஜேந்திரரின் மகள். மனைவி மதுராந்தகி, இரண்டாம் ராஜேந்திரரின் மகள், அதாவது சொந்த மாமன் மகள். குலோத்துங்கரின் தந்தையும் மாமன் மகளைத்தான் மணந்திருந்தார். மகள் வழிப் பேரனும் மருமகனும் ஒரே ஆள். டிவி தொடரில் பார்த்த வம்சவரைபடத்தை அப்படியே எடுத்தால் இந்த முடிச்சு கிடைக்காது. நம் பக்கத்து முறைப்பெண், முறைமாமன் கணக்கைப் பேரரசுக்குள் கொண்டுவாருங்கள். ஒரே கல்யாணத்தில் இரண்டு கிளையின் உரிமையும் ஒரு வீட்டுக்குள் வந்துவிடும்.

முதல் வரிக்கு முன் ஒரு பக்கத்தில் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். மகள் வழிப் பேரனுக்கு உரிமை உண்டா? வயது வராத பிள்ளைக்கு? தத்துப்பிள்ளைக்கு? அரசர் உயிரோடு இருக்கும்போதே கட்டிய இளவரசுப் பட்டம் செல்லுமா? கிரீடத்தை யார் கையால் வைக்க வேண்டும்? குறைந்தது இரண்டு பதிலாவது ஒன்றோடொன்று மோத வேண்டும். பிறகு ஒவ்வொரு போட்டியாளருக்காகவும் ஐந்து வரி வாதாடிப் பாருங்கள். ஐந்து வரி தேறாதவரைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வயதுக் கணக்கு

அப்பா 380-ஆம் ஆண்டில் செத்திருப்பார், மகன் 382-இல் பிறந்திருப்பான். நீள நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: பெயர், தாய், பிறந்த ஆண்டு, மணம், தலைப்பிள்ளை, இறப்பு. தலைமுறைக்கு 20 முதல் 25 ஆண்டு வையுங்கள். தாய்க்கென்று தனிப் பத்தி கட்டாயம். பட்டத்தரசி பிள்ளையா, இளைய ராணி பிள்ளையா என்பதில்தான் பாதிச் சண்டை.

தீர்க்கதரிசனம்

வேண்டாம்.

பெயர்கள்

மூன்று போட்டியாளருக்கும் ‘வர்மன்’ வைக்காதீர்கள்.

அரண்மனைக்கு வெளியே ஒன்றும் நடக்காதது

தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஒன்றின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், உடம்பில் தைத்த அம்புகள், சில கற்களில் அவன் மீட்ட மாடுகள். எழுத்துள்ள கல்லில் பெரும்பாலும் முதலில் வருவது அரசன் பெயரும் அவனுடைய ஆட்சியாண்டும். பிறகுதான் ஊர், தலைவன், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டவன், அதாவது செத்தவன், பெயர்.

இரண்டு பேர் ‘நானே அரசன்’ என்கிற ஆண்டில் மாடு மீட்கப் போன ஒருவன் செத்தால், அவன் கல்லில் யாருடைய ஆட்சியாண்டைப் பொறிப்பது? ஊர் கூடி முடிவெடுத்தாக வேண்டும். தப்பான பெயரைப் பொறித்தால் அடுத்த மாதம் வரும் படை அந்த ஊரை எதிரியாக எண்ணும். நாடு உடைந்திருப்பதை வாசகர் உணர அரண்மனை விருந்தைவிட இந்த இடம் உதவும்.

படிச்செலவு

படைக்கு யார் படி அளக்கிறார், கருவூலச் சாவி யாரிடம்? பதில் இல்லாமல் பத்தாயிரம் பேரை நடக்க விடாதீர்கள்.

தூரம்

அரசர் இறந்த செய்தி எல்லைக்கு மறுநாளே போய்விடுகிறது. ஓசூரிலிருந்து தொப்பூர் கணவாய் வரை ஏறக்குறைய 120 கி.மீ. பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கு ஒரு நாளைக்கு 20, 25 கி.மீ. என்று வைத்தாலே ஐந்தாறு நாள். குதிரை ஆள் முன்னதாகப் போவான். செய்தி முந்தி, படை பிந்தி வரும் அந்த நாட்களில்தான் தளபதிகள் கட்சி மாறுவார்கள். தேதி போட்டு எழுதுங்கள்.

இடப்பெயரிலும் கவனம். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி 1614-இல் இறந்தார். ஒரு ராணி தன் பிள்ளை என்று காட்டிய சிறுவனை ஒதுக்கிவிட்டு அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக்கியிருந்தார். அந்த ராணியின் பக்கம் நின்ற ஜக்கராயர் ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு கொன்றார். தப்பிய மகன் ராமதேவருக்காக யாச்சம நாயக்கர் போரிட்டார். பெரும்போர் தோப்பூரில் நடந்தது. அது திருச்சிக்கும் கல்லணைக்கும் நடுவே காவிரிக்கரையில் உள்ள திறந்த வெளி. நம் தொப்பூர் கணவாயைப் பார்த்து அந்தப் போரை எழுதினால், சமவெளியில் நின்ற படைகள் மலைச்சரிவில் மாட்டிக்கொள்ளும்.