மதர்போர்டு காம் பின்னில் ஒயர் போடுமுன் கிரவுண்டைத் தேடுங்கள்

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் பின்பக்கம் சீரியல் போர்ட் (பழைய ஒன்பது பின் சாக்கெட்) கிடையாது. ஆனால் போர்டின் அடி ஓரத்தில் 'காம்' (COM) என்று எழுதிய பத்து பின் இடம் பல மாடல்களில் இன்னும் இருக்கிறது. எடைமேடை, கடைத் தராசு, மதுரை கப்பலூர் சிட்கோ பக்கம் பட்டறையில் ஓடும் பழைய சிஎன்சி மெஷின் என்று எதை இணைப்பதானாலும் அங்கிருந்து ஒரு பிராக்கெட் ஒயர், அதாவது கேபினெட்டின் பின்பக்கத் தகட்டில் சீரியல் சாக்கெட் பொருத்திய ஒயர், இழுத்தால் போதும். கடையில் கிடைத்த ஒயரை அப்படியே மாட்டிவிட்டு, தராசு பேசவில்லை என்று போர்டைக் குறை சொல்வதுதான் வழக்கமாக நடப்பது.

முதலில் இடத்தைச் சரியாகப் பாருங்கள். இரண்டு வரிசை, ஒரு பக்கம் ஒற்றை எண்கள், எதிர்ப்பக்கம் இரட்டை எண்கள். காம் இடத்தில் 10-வது பின் இருக்காது. யுஎஸ்பி இடத்தில் 9-வது இருக்காது. பவர் பட்டன் மாட்டும் முன்பேனல் இடத்திலும் பல போர்டுகளில் 10-வதுதான் காலி என்பதால், வடிவத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். ரிப்பனின் (தட்டையான ஒயரின்) சிவப்புக் கோடு 1-வது பின் பக்கம் வர வேண்டும்.

இனிதான் சிக்கல். பிராக்கெட் ஒயரில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் போர்டின் 1 முதல் 9 வரை, தகட்டில் இருக்கும் ஒன்பது பின் சாக்கெட்டான டிபி9-இன் அதே எண்களுக்குப் போகும். மற்றதில் ரிப்பன் அழுத்திய வரிசைப்படி 1, 6, 2, 7, 3, 8, 4, 9, 5 என்று போகும். உங்கள் போர்டு எந்த வகை? கேபிளைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை பஸ்ஸரில் வையுங்கள். ஒரு முனை போர்டின் ஸ்க்ரூ துளையில், மறுமுனை 5-வது பின்னில். பீப் வந்தால் நேர் எண் வகை. வராமல் 9-வதில் வந்தால் ரிப்பன் வரிசை வகை. மற்ற பின்களில் சில கிலோ ஓம் காட்டும், பஸ்ஸர் அடிக்காது. அது சிக்னல் வாங்கும் ரிசீவர்களின் உள் தடை, கோளாறு அல்ல.

வகை மாறிப் போனால் என்ன ஆகும்? நேர் எண் போர்டில் ரிப்பன் வரிசை ஒயரைப் போட்டால், போர்டின் டிரான்ஸ்மிட் (அனுப்பும் பின்) டிபி9-இன் 2-க்கும், கிரவுண்ட் 3-க்கும் போய்விடும். சிப் எரியாது, ஒரு எழுத்தும் வராது.

சொந்தமாகச் செய்வதானால் ஆண் டிபி9, பத்து கம்பி ரிப்பன், பத்து பின் ஐடிசி கனெக்டர் (ரிப்பன் மேல் அழுத்திப் பொருத்துவது), மெல்லிய சுருங்கு ஸ்லீவ். ஐடிசியைச் சுத்தியலால் தட்டாதீர்கள், வைஸில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். டிபி9-ஐப் பின்பக்கமிருந்து பற்றவைக்கும்போது எண்கள் இடவலமாக மாறிவிடும். பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் எண் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தே வையுங்கள். தராசுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் 2 (வாங்குவது), 3 (அனுப்புவது), 5 (கிரவுண்ட்) போதும்.

போர்டில் மாட்டி ஆன் செய்து, 20 வோல்ட் டிசியில் கறுப்பு முனையை டிபி9-இன் 5-லும் சிவப்பை 3-லும் வையுங்கள். மைனஸ் 5-க்கும் மைனஸ் 12-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஒன்றும் கட்டாத 2-வது பின் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், அது சரிதான். 3-லும் பூஜ்யம் என்றால் பயாஸில் சூப்பர் ஐஓ பகுதிக்குப் போய் சீரியல் போர்ட் எனேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். காம் 1-க்கு முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ (இன்டரப்ட் எண்) 4. அதுவும் சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் 14-வது, பழைய நிற முறைப்படி நீல ஒயர், மைனஸ் 12 தருகிறதா என்று அளந்து பாருங்கள். பல போர்டுகளின் டிரைவர் சிப் அதை நம்பித்தான் வாழ்கிறது.

அடுத்து 2-ஐயும் 3-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் சீரியல் வேகம் 9600, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாமல் திறந்து தட்டுங்கள். அடித்த எழுத்து திரையில் வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நிற்க வேண்டும். எடுத்த பிறகும் வந்தால் லோக்கல் எக்கோ (அடித்ததை மென்பொருளே திரையில் காட்டுவது) ஆனில் இருக்கிறது, நீங்கள் எதையும் சோதிக்கவில்லை.

தராசின் பிளக்கையும் இதேபோல் அளந்து பாருங்கள். அதன் 2-வது பின்னில் மைனஸ் இருந்தால் நேர் கேபிள். 3-ல் இருந்தால் 2-ம் 3-ம் குறுக்காக மாற்றிய கேபிள். பில்லிங் கம்ப்யூட்டர் போர்டுகள் சிலவற்றில் ஜம்பர் வைத்து 9-வது பின்னில் 5 அல்லது 12 வோல்ட் விடும் வசதி உண்டு. செருகுமுன் அதையும் அளந்துகொள்ளுங்கள்.

சிப் உண்மையிலேயே எரிவதென்றால் பெரும்பாலும் எர்த் இல்லாத கடைகளில்தான். எர்த் இல்லாத சாக்கெட்டில் கேபினெட், 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட் ஏசியில் மிதக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியே வருவது அது. கையில் சுருக்கென்று மட்டும் தெரியும். பிளாஸ்டிக் மூடி போட்ட கேபிளைச் செருகும் நொடியில் கிரவுண்டுக்கு முன் 2-வது பின் தொட்டுவிட்டால், அது முழுவதும் ரிசீவர் வழியே இறங்கும். எர்த் போடும்வரை இரண்டு பக்கமும் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டே செருகுங்கள்.