வரவழைத்த கனம்: ஓப்பராவில் பேஸ் பாட வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிஷனில் சோப்ரானோக்கள், அதாவது உச்சக் குரல் பெண்கள், வரிசை கட்டி நிற்பார்கள். ஆண் குரலிலேயே மிகத் தாழ்ந்ததான பேஸ் பாடுகிற ஒருவர் உள்ளே வந்தால் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் நல்ல கீழ்க்குரலுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். அப்படி இருந்தும் பலர் முதல் ஆரியா (ஓப்பராவின் தனிப்பாடல்) முடிவதற்குள் வாய்ப்பைத் தொலைத்துவிடுகிறார்கள். தொலைக்கிற விதமும் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும், சளி பிடித்தால் பாடக் கூடாது என்பதையெல்லாம் எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுத்திருப்பார். அவற்றை விட்டுவிடுவோம்.

ஸ்வரங்களைக் குறிக்கும் முறையை மட்டும் முதலில் சொல்லிவிடலாம். பியானோவின் நடு ஸி இங்கே ஸி4. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஸி3, இன்னொரு ஸ்தாயி கீழே ஸி2. பேஸ் பாடகர் அன்றாடம் புழங்கும் எல்லை ஏறக்குறைய ஈ2 முதல் எஃப்4 வரை.

கனத்தைத் தொண்டையில் வரவழைப்பது

பாட வந்திருப்பவருக்கு 23 வயது. பாட வேண்டியதோ ராஜா, தலைமைப் பூசாரி, பெண்ணைப் பறிகொடுத்த கிழத் தகப்பன். குரல் இயல்பாகக் கீழே போகிறது, ஆனால் முதிர்ச்சி இன்னும் வரவில்லை. உடனே முதிர்ச்சியை நடிக்கத் தொடங்குகிறார். அடிநாக்கைப் பின்னுக்கு இழுத்து அழுத்துகிறார்; அது குரல்வளையையும் சேர்த்துக் கீழே தள்ளுகிறது. ஒலி அந்த நொடியே தடித்துவிடும். பாடுகிறவர் காதுக்கு அது பிரமாதமாக இருக்கும். நம் குரலை நாம் காற்று வழியாக மட்டுமின்றி மண்டையெலும்பு வழியாகவும் கேட்கிறோம். எலும்பு வழியில் கீழ் அதிர்வெண்கள் தூக்கலாகத் தெரியும். சின்னப் பயிற்சி அறையின் எதிரொலியும் கூட்டுச் சேரும். இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கோ, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் பேசுவது போல இருக்கும்.

ஓப்பராவில் மைக் கிடையாது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் மிகுதி. அதற்கு மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 2,400 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஆற்றல் ஒரு மேடாகக் குவியும். ஸ்வீடனின் ஒலியியல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை விளக்கினார். பேஸ் குரலில் அந்த மேடு 2,400 பக்கம், ஆண் குரலில் உயர்ந்ததான டெனாருக்கு 2,800 பக்கம். எஃப்2 ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வெண் வெறும் 87 ஹெர்ட்ஸ். பின்வரிசைக் காதுக்கு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி வந்து சேர்வது அந்த 87 அல்ல, மேலே குவிந்திருக்கும் மேடுதான். குரல் நாண்களுக்கு நேர் மேலே உள்ள சிறு குழாயின் வாய், தொண்டைக்குழியைவிட நன்றாகக் குறுகி இருந்தால்தான் அது உருவாகும். அடிநாக்கைப் பின்னால் அழுத்தினால் குரல்வளை மூடியும் தொண்டைக்குழியும் நசுங்கி, மேடு காணாமல் போகும். கனத்துக்கு ஆசைப்பட்டவர் கேட்கவே கேட்காமல் போகிறார்.

குரல்வளை தாழ்ந்திருப்பது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. ஆழமாக மூச்சை உள்ளிழுக்கும்போது அது தானாக இறங்கும். அப்படியே பாடுவது நல்லது. நாக்கால் நெட்டித் தள்ளி இறக்குவதுதான் வினை.

சேதம் ஒரே நாளில் தெரியாது. முதலில் உயிரொலிகள் கெடும்: ‘ஈ’யும் ‘ஏ’யும் ‘உ’ பக்கம் சாய்ந்து, இத்தாலிய மொழியில் பாடுகிறாரா ஜெர்மனிலா என்றே தெரியாது. அடுத்து சுருதி இறங்கும். பிறகு ஏ3 முதல் டி4 வரை, குரல் கீழிலிருந்து மேலுக்கு மாறும் மாற்றப் பகுதி அடைபடும், டி4க்கு மேலே கத்தித்தான் ஏற வேண்டியிருக்கும். கடைசியாக அதிர்வு, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தில் இயல்பாக எழும் அலைவு (வைப்ராட்டோ). ஆரோக்கியமான குரலில் அது நொடிக்கு 5 முதல் 7 வரை இருக்கும். 4க்குக் கீழே விழுந்தால் ஸ்வரம் தள்ளாடுவது யார் காதுக்கும் பிடிபடும். பேஸ் குரல் பழுப்பதே முப்பதுகளிலும் நாற்பதுகளிலும்தான். மற்றவர்கள் தொடங்குகிற வயதில் இவர் முடித்துக்கொள்ள நேர்கிறது.

எரிச்சல் மாணவர்கள் மீது அல்ல. நாலு சுவருக்குள் இந்த ஒலியைக் கேட்டுவிட்டு, ‘ஆஹா, சாரஸ்ட்ரோ வந்துவிட்டார்’ என்று மோட்ஸார்ட்டின் தலைமைப் பூசாரியோடு ஒப்பிட்டுத் தட்டிக்கொடுக்கும் ஆசிரியர்கள் மீது.

சோதித்துப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. கட்டைவிரலை மோவாய்க்கு அடியில் உள்ள மெத்தென்ற சதையில் வைத்து ஸி3யில் ‘ஆ’ பாடுங்கள்; சதை விறைத்து விரலைத் தள்ளினால் நாக்கு அழுத்துகிறது. அடுத்து, நாக்கைக் கீழுதட்டின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு ஒரு வரியை உயிரொலியில் மட்டும் பாடுங்கள். கனம் காணாமல் போனால் அது உங்களுடையது அல்ல, வரவழைத்தது. மூன்றாவது, பதிவு. ஃபோனைப் பியானோ மேல் வைக்காதீர்கள்; ஒரு பெரிய கூடத்தில் 15, 20 மீட்டர் தள்ளி வையுங்கள். ஸ்கோர் இல்லாத ஒருவரை அங்கே உட்கார வைத்து, காதில் விழும் சொற்களை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

சரிசெய்ய எளிய கருவி ‘ங்’. அந்த ஒலிக்கு நாக்கின் பின்பகுதி அண்ணத்தைத் தொட்டே ஆக வேண்டும், அதனால் கீழே அழுத்த வழியில்லை. ஏ3யில் மெல்லத் தொடங்கி டி3 வரை வழுக்கி இறங்குங்கள். பிறகு அதே ஸ்வரத்தில் ‘ங்’கை ‘ஆ’வாகத் திறங்கள், திறக்கும்போது ஒலியின் குணம் மாறக் கூடாது. அது கைகூடிய பின் ‘ஈ’யிலிருந்து ‘ஆ’வுக்கு. தினம் பத்து நிமிடம் போதும். முதல் சில வாரங்கள் குரல் மெலிந்து, பேஸுக்கு ஒரு படி மேலான பாரிட்டோன் போலக் கேட்கும், கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டலைப் பொறுத்துக்கொள்ளலாம், தள்ளாட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இசையமைப்பாளர்களுக்கு இந்தக் கஷ்டம் முன்பே தெரியும். 1791இல் வந்த ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பராவில் சாரஸ்ட்ரோ ஐசிஸ், ஓசிரிஸ் தெய்வங்களை வேண்டும் ஆரியாவில் மோட்ஸார்ட் வயலின்களை அடியோடு நிறுத்திவிட்டார். வியோலாவும் செல்லோவும் பாசட் ஹார்னும் பாசூனும் ட்ராம்போனும்தான் துணை. கீழே இறங்கும் பாடகருக்கு அவரே இடம் ஒதுக்கித் தந்திருக்கிறார். பாடகர் பங்குக்குக் கனம் சேர்க்கத் தேவையே இல்லை.

கீழ் ஸ்வரமே சொத்து என்ற நினைப்பு

1782இல் மேடையேறிய ‘அந்தப்புரத்திலிருந்து கடத்தல்’ ஓப்பராவில் ஓஸ்மின் வேடம் லூட்விக் ஃபிஷர் என்ற பேஸ் பாடகருக்காகவே எழுதப்பட்டது. அவர் பேஸுக்கே மிகக் கீழே பாடுகிறார் என்று ஸால்ஸ்பர்க் பேராயர் குறைபட்டாராம்; அடுத்த முறை மேலே பாடுவார் என்று தான் பதில் சொன்னதாக மோட்ஸார்ட் 1781 செப்டம்பரில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் கேலி செய்கிறார். ஓஸ்மினின் டி2 எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அதே வேடம் எஃப்4 வரை ஏறுவது மறந்துபோகிறது.

வெர்தியிடம் வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. ‘டான் கார்லோ’வில் மன்னன் ஃபிலிப்புக்கும் சமய விசாரணைத் தலைவருக்கும் நடக்கும் மோதலின் முடிவில், மன்னனின் ஒரே வரி எஃப்4லிருந்து எஃப்2 வரை இரண்டு ஸ்தாயி இறங்குகிறது. இதில் வேலையைப் பறிப்பது மேல் எஃப்தான். எஃப்2 சற்று மெலிந்திருந்தால் மன்னிப்பார்கள், ஈ4 உடைந்தால் மன்னிக்க மாட்டார்கள். பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் ஏ3க்கு மேலே செலவாக வேண்டும்.

ஆக்டாவிஸ்ட் வீடியோக்கள்

சாதாரண பேஸைவிடவும் மிகக் கீழே பாடுகிறவர்கள் ஆக்டாவிஸ்டுகள். ரசியுங்கள். அது ரஷ்யத் திருச்சபைப் பாடற்குழுவின் கலை, வேறு தொழில்.

பட்டியல் முழுக்கச் சவுக்க காலம்

ஆடிஷனுக்கு வழக்கமாக நான்கைந்து ஆரியாக்கள் கேட்பார்கள். முதலாவது உங்கள் விருப்பம், இரண்டாவதைக் குழு தேர்ந்தெடுக்கும். பேஸ் பாடகர்கள் கொண்டுவரும் பட்டியலில் சாரஸ்ட்ரோ, ‘சிமோன் பொக்கனேக்ரா’வின் ஃபியெஸ்கோ, ‘ஒனேகின்’ ஓப்பராவின் கிரேமின் என்று எல்லாமே தூங்கி வழியும் நடை. இரண்டைக் கேட்டால் ஒன்றைக் கேட்ட மாதிரிதான். சொற்கள் தெறிக்க வேண்டிய ஒன்றாவது இருக்கட்டும்: ‘டான் ஜியோவன்னி’யில் லெப்பொரெல்லோவின் பட்டியல் பாட்டு, ‘ஃபிகாரோவின் திருமண’த்தில் ஃபிகாரோவின் முதல் அங்க ஆரியா, அல்லது ‘ஃபவுஸ்ட்’டில் மெஃபிஸ்டோஃபிலிஸின் சிரிக்கும் செரினேட். குழு களைத்திருக்கும் மாலை நேரத்தில் ‘லா போயெம்’மின் கொலீன் தன் பழைய கோட்டுக்கு விடை சொல்லும் ஆரியா கைகொடுக்கும். ஏறக்குறைய இரண்டே நிமிடம்.

ரோஸினியின் ‘செவில் நாவிதன்’ ஓப்பராவில் பஸீலியோ பாடும் அவதூறு ஆரியாவைத் தேர்ந்தால் சுருதியைக் கவனியுங்கள். மூலம் டி மேஜர். பலர் பாடுவது ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஸி மேஜரில். ஸியில் உச்சம் ஈ4, டியில் எஃப் ஷார்ப்4. பியானோ வாசிப்பவரிடம் எந்தப் பிரதி இருக்கிறது என்று கேட்காமல் தொடங்கி, நடுவில் தடுமாறுகிறவர்கள் உண்டு.

காலை பத்து மணி

தூங்கி எழுந்ததும் குரல் நாண்கள் சற்று வீங்கியிருக்கும். ஈ2 அனாயாசமாக வரும். அதைப் பார்த்து மயங்கிக் கீழேயே சாதகம் செய்துவிட்டுப் போனால் பத்து மணி ஆடிஷனில் மேல் ஸ்வரம் இருக்காது. நடு ஸ்தாயியில் ‘ங்’, பிறகு மேலே. கீழே போவது கடைசியில்.

முப்பதுக்கு முன் ஃபிலிப்

வேண்டாம். ஜெர்மன் பேஸ் பாடகர் ரெனே பாபெ இளவயதிலேயே, 1991இல் ஸால்ஸ்பர்க்கில் சாரஸ்ட்ரோ பாடினாரே என்பார்கள். அது சாரஸ்ட்ரோ, ஃபிலிப் அல்ல. தவிர, அதற்கு முன்பே அவர் பெர்லின் அரசு ஓப்பராவின் நிலையக் குழுவில், அதாவது அரங்கமே சம்பளத்துக்கு வைத்திருக்கும் பாடகர் குழுவில், இருந்தவர்.

சின்ன வேடங்களைக் கற்காமல் இருப்பது

ஜெர்மன் பேஸ் பாடகர் கூர்ட் மோல் ஹாம்பர்க் ஓப்பராவுக்குப் போய்ச் சேரும் முன் ஆகன், மைன்ஸ், வுப்பர்டால் அரங்குகளில் ஆண்டுக் கணக்கில் பாடியவர். அத்தகைய அரங்குகளில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சோறு போடுவது ‘லா திராவியாத்தா’வின் மருத்துவர் கிரென்வில், ‘டோஸ்கா’வின் அஞ்செலொட்டி, ‘கார்மென்’னின் ஸுனிகா, ‘ரிகொலெத்தோ’வின் செப்ரானோ, ‘அய்தா’வின் மன்னர். இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவருக்குத்தான் ‘இன்று மாலை வர முடியுமா’ என்ற அழைப்பு வரும்.

சின்னதென்றால் சுலபம் என்று பொருளில்லை. ‘மாயப் புல்லாங்குழ’லின் இரண்டாம் கவச வீரன் சில நிமிடங்கள்தான் பாடுகிறான். ஆனால் டெனார் பாடும் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே இணையாகப் பாட வேண்டும். சுருதி இம்மி விலகினாலும் அரங்கமே கேட்கும். அஞ்செலொட்டி திரை விலகியதும் மூச்சிரைக்க ஓடி வருகிறான், வந்த கையோடு பாட வேண்டும்.

இரட்டை வேடங்களையும் சேர்த்துப் படியுங்கள். 1786இல் வியன்னாவில் ‘ஃபிகாரோவின் திருமணம்’ அரங்கேறியபோது பார்த்தோலோவும் தோட்டக்காரன் அந்தோனியோவும் ஒரே பாடகர்தான். அடுத்த ஆண்டு பிராகாவில் ‘டான் ஜியோவன்னி’யின் கொமெந்தத்தோரேவையும் மஸெட்டோவையும் ஒருவரே பாடினார். சிறிய அரங்குகளுக்கு இன்றும் அந்தச் சிக்கனம் பிடிக்கும்.

வசனம் பேசத் தெரியாமை

ஓஸ்மின், சாரஸ்ட்ரோ, ‘ஃபிடெலியோ’வின் ரொக்கோ ஆகிய மூவருக்கும் ஜெர்மனில் பேச்சு வசனம் உண்டு. பாடும்போது மறையும் உச்சரிப்புப் பிசிறு பேசும்போது அம்பலமாகும். ஆடிஷனிலேயே ஒரு பத்தி பேசச் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து

ஜெர்மன் அரங்குகள் குரல்களை ‘ஃபாஹ்’ என்ற வகைகளாகப் பிரிக்கின்றன. பேஸில் நகைச்சுவைக்கு ஷ்பீல்பாஸ், கம்பீர வேடங்களுக்கு சீரியோஸர் பாஸ். நிலைய ஒப்பந்தத்தில் உங்கள் வகையை எழுதி வாங்காவிட்டால், வாக்னரின் ஹுண்டிங் பாடிய மறுநாள் காலையில் ரோஸினியின் பார்த்தோலோவுக்கு ஒத்திகை என்று அட்டவணை வரும். மறுக்க உங்கள் கையில் தாள் இருக்காது. நிலைய ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம் தானாக நீளும். நீட்டிக்கப் போவதில்லை என்றால் பொதுவாக அந்தப் பருவத்தின் அக்டோபர் 31க்குள் அரங்கம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விலக நினைக்கும் பாடகருக்கும் அதே தேதிதான். நவம்பரில் வேறு அரங்கத்தின் ஆடிஷனில் வென்று, வெளியே வர முடியாமல் தவிப்பவர்கள் இதைக் கவனிக்காதவர்கள்.

விருந்தினர் ஒப்பந்தத்தின் கணக்கு வேறு. சன்மானம் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான். ஐந்தாறு வார ஒத்திகைக்கு ஒன்றும் இல்லாமலோ சொற்பமாகவோ இருக்கலாம். தங்கும் வாடகை உங்களுடையது, ஏஜெண்டுக்குப் பத்து சதவீதம் போல. நிகழ்ச்சி நாளில் தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய பணம் வராது. ஆறு நிகழ்ச்சி என்றால் நான்குக்கு மட்டும் பணம் வருவதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுப்படியானால் மட்டும் கையெழுத்திடுங்கள்.