‘கோல் எடு’ என்பது ‘டேக் எ கோல்’ அல்ல

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்தும் அண்ணர் ஒருவர், போன பருவத்தில் தன்னிடம் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். மறுநாள் காலை அவர்கள் புறாமலைத் தீவுக்குப் படகில் போக வேண்டும். படகுக்காரரிடம் நேரம் சொல்ல வேண்டுமே என்று, ‘ப்ளீஸ் டேக் மீ எ கோல் அட் எய்ட்’ என்று எழுதிவிட்டார். எட்டு மணிக்கு எனக்கு ஒரு கோல் எடுங்கள் என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது.

எட்டு மணி ஆனது, எட்டரையும் ஆனது. அண்ணர் போனைப் பார்த்தபடி முன் விறாந்தையில் இருக்கிறார். மேல் மாடியில் அவர்களும் போனைப் பார்த்தபடிதான் இருந்திருக்கிறார்கள். இவர் கூப்பிடுவார், நாங்கள் ‘டேக்’ பண்ண வேண்டும் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு அந்தப் பெண் இறங்கி வந்து, ‘நீங்கள் கூப்பிடவே இல்லையே?’ என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளித்தது.

அண்ணருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பத்து வருடமாக வெள்ளைக்காரருடன் கதைத்துப் பழகியவர். பிழை அவருடைய தமிழில் இருந்து வந்தது. நாங்கள் ‘கோல் எடு’ என்றால் கூப்பிடு என்று அர்த்தம். ‘நேற்று உனக்கு மூன்று தரம் கோல் எடுத்தேன்’ என்போம். தமிழ்நாட்டுக்காரரிடம் ‘போனை எடு’ என்றால் அடிக்கிற போனைத் தூக்கிப் பேசு என்று விளங்கிக்கொள்வார். சிங்களத்திலும் ‘கோல் எகக் கன்னவா’ என்று அதே எடுத்தல்தான். ஆகவே திருகோணமலையில் எந்த மொழிக்காரர் ஆங்கிலம் பேசினாலும் இந்தப் பிழை வந்து விழும். ஆங்கிலத்தில் ‘டேக் எ கோல்’ என்றால் வருகிற அழைப்பை ஏற்றுப் பேசுவது. நாங்கள் கூப்பிடுவதற்கு ‘மேக் எ கோல்’. என்னைக் கூப்பிடுங்கள் என்பதற்கு ‘கோல் மீ’ போதும், அல்லது ‘கிவ் மீ எ கோல்’.

நான் மாலையில் நகரத்தில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் ஓட்டோ ஓட்டுபவர்களும் உண்டு, ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளைகளும் உண்டு. ‘டேக்’ என்ற சொல்லை ஒருவரும் படிக்க வேண்டிய சொல்லாகவே நினைப்பதில்லை. இரண்டாம் வகுப்பிலேயே ‘டேக் என்றால் எடு’ என்று மனதில் பதிந்துவிட்டது. (எழுதும்போது ‘ரீச்சர்’, ‘ரிக்கற்’ என்று எழுதும் நம் வழக்கத்தில் இதை ‘ரேக்’ என்று எழுதினால், அது குப்பை கூட்டும் கருவியாகிவிடும். அதனால் இங்கே ‘டேக்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.) சிக்கல் என்னவென்றால் எங்களுடைய எடுவும் அவர்களுடைய டேக்கும் சில இடங்களில் மட்டும்தான் சந்திக்கின்றன. படம் எடுப்பது, லீவு எடுப்பது, நேரம் எடுப்பது, மூச்சு எடுப்பது எல்லாம் சரியாகப் பொருந்தும். அந்த நம்பிக்கையில்தான் மற்ற இடங்களில் கால் வழுக்குகிறது.

பரீட்சைப் புள்ளியைப் பாருங்கள். ‘மகன் கணிதத்தில் தொண்ணூறு எடுத்தான்’ என்பதை ‘ஹி டுக் நைன்ட்டி மார்க்ஸ்’ என்று சொல்லக் கூடாது. ‘ஹி காட் நைன்ட்டி’, அல்லது ‘ஸ்கோர்ட்’. ‘டேக் ஆஃப் மார்க்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது புள்ளியைக் குறைப்பது. ஆசிரியர் எழுத்துப் பிழைக்கு ஐந்து புள்ளி வெட்டினால் ‘ஷி டுக் ஆஃப் ஃபைவ் மார்க்ஸ்’. பிள்ளை எடுத்ததைச் சொல்லப் போய் ஆசிரியர் வெட்டியதைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சம்பளமும் அப்படியே: ‘எவ்வளவு எடுக்கிறீர்கள்?’ என்பதற்கு ‘ஏர்ன்’. வாந்திக்கு டேக் தேவையே இல்லை, ‘வோமிட்’ தனியே வினைச்சொல். பசி எடுப்பதற்கு ‘ஐ ஆம் ஹங்ரி’, அதில் யாரும் எதையும் எடுப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, எனக்குக் கூடுதல் கவலை தருவது அதுதான். தமிழில் எடு வராத இடத்தில் ஆங்கிலத்தில் டேக் வர வேண்டும், நாங்கள் போட மாட்டோம். குளிசையை நாங்கள் ‘குடிக்கிறோம்’ அல்லது ‘போடுகிறோம்’. அதை அப்படியே ‘ஐ ட்ராங்க் டூ டேப்லட்ஸ்’ என்று சொல்லும் ஆட்கள் நிறைய. ‘ஐ டுக் டூ டேப்லட்ஸ்’ என்பதுதான் வழக்கம். பாணி மருந்தென்றாலும் டேக்தான். இதில் பெரிய ஆபத்து இல்லை, டொக்டர் விளங்கிக்கொள்வார். ஆபத்து மறுபக்கத்தில். வெளிநாட்டு டொக்டர் ‘ஆர் யூ டேகிங் எனிதிங்?’ என்று கேட்டால் ‘ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா?’ என்று அர்த்தம். லண்டனில் மகளோடு போய் நின்ற ஒரு அம்மா, தன் கைப்பையைப் பார்த்துவிட்டு ‘நோ, நோ, நத்திங்’ என்றாராம். பிரஷர் குளிசை தினமும் பாவிக்கிறவர். மகள் பக்கத்தில் இருந்ததால் சரியாகப் போயிற்று.

பாடம் எடுப்பதில் நானே மாட்டிக்கொண்டேன். ‘ஐ டேக் இங்லிஷ் க்ளாசஸ் இன் தி ஈவ்னிங்’ என்று ஒரு கனடாக்காரரிடம் சொன்னேன். அவர் மிகவும் அன்பாக, ‘நன்றாகப் பேசுகிறீர்களே, எவ்வளவு காலமாகப் படிக்கிறீர்கள்?’ என்று கேட்டார். பிரித்தானிய வழக்கில் ஆசிரியர் வகுப்பை ‘டேக்’ பண்ணலாம். வட அமெரிக்கக் காதுக்கு அது மாணவராகப் போய் இருப்பது. அன்றிலிருந்து ‘ஐ டீச்’ என்றே சொல்கிறேன்.

அடுத்தது உருவங்கள்: டேக், டுக், டேக்கன். மூன்றையும் ஒப்புவிக்க எல்லோருக்கும் தெரியும். வசனத்தில் வரும்போது ‘ஐ டிட்ன்ட் டுக்’ என்று வந்து விழுகிறது. இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துகொண்டு போகிறது, பின்னால் வருவது வெறும் ‘டேக்’. ‘ஹேவ்’ வந்தால் ‘டேக்கன்’. ‘ஹேவ் டுக்’ என்று ஒன்று எழுத்து ஆங்கிலத்தில் இல்லை.

டுக்கையும் டேக்கனையும் மனதில் நிறுத்த எங்கள் ஊரை விட நல்ல பாடம் வேறு எங்கே? இந்தத் துறைமுகம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர், பிறகு உடன்படிக்கையில் திரும்ப ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். ‘தி ஃப்ரெஞ்ச் டுக் ட்ரிங்கோமலீ இன் 1782’, ‘ட்ரிங்கோமலீ வாஸ் டேக்கன் பை தி ஃப்ரெஞ்ச்’. கோட்டை வாசலால் போகும்போது பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்வேன். பிடித்தவர் முன்னால் வந்தால் டுக், பிடிபட்ட ஊர் முன்னால் வந்தால் வாஸ் டேக்கன்.

டேக்கன் இன்னொரு இடத்தில் கழுத்தறுக்கும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக் காட்டி ஒரு வெள்ளைக்காரர் ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ என்று கேட்கிறார். எங்கள் ஆள் சிரித்த முகத்தோடு ‘யெஸ், யெஸ்’ என்று கையையும் நீட்டுகிறார். கை இருங்கோ என்கிறது, வாய் ஆள் இருக்கிறது என்கிறது. அந்த மனிதர் குழம்பிப்போய் நின்றுகொண்டே பயணம் செய்கிறார். உண்மையில் அது நாங்கள் தினமும் கேட்கும் கேள்விதான்: ‘இதில ஆள் இருக்கா?’ இடம் காலியென்றால் தமிழில் என்ன சொல்வோம்? ‘இல்லை, இருங்கோ.’ அதேபோல ‘நோ, ப்ளீஸ் சிட்’.

அப்புறம் டேக்கோடு ஒட்டி வரும் குட்டிச் சொற்கள். இவற்றை விட்டால் அர்த்தமே மாறும். ஒரு கோயில் வாசலில் செருப்பு பார்க்கும் ஐயா, வந்தவர்களிடம் பணிவாக ‘ப்ளீஸ் டேக் யுவர் ஷூஸ்’ என்றார். அவர்களும் சப்பாத்தைக் கழற்றி, பவ்வியமாகக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்கள். அவர் சொன்னதை அப்படியே செய்தார்கள், அவ்வளவுதான். கழற்றுவதற்கு ‘டேக் ஆஃப்’ வேண்டும். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் சப்பாத்தைச் சொல்லாமல் ‘தெம்’ போட்டால் அது நடுவில்தான் நிற்கும்: ‘டேக் தெம் ஆஃப்’. ‘டேக் ஆஃப் தெம்’ பிழை. விமானம் கிளம்புவதும் டேக் ஆஃப்தான். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் கப்பல்களிலிருந்து ‘டுக் ஆஃப்’ ஆனவை. அங்கே எதையும் கழற்றுவதில்லை, ஆகவே நடுவில் எதையும் செருக முடியாது.

‘டேக் ஆஃப்டர்’ என்பது பராமரிப்பதல்ல, சாயல். ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹர் மதர்’ என்றால் அவள் தாயை உரித்து வைத்திருக்கிறாள். தாயைப் பார்த்துக்கொள்வது ‘லுக் ஆஃப்டர்’, அல்லது ‘டேக் கெயார் ஆஃப்’.

‘ப்ரிங்’ எங்கே, டேக் எங்கே என்று கேட்டு வருபவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. கொண்டு வா, கொண்டு போ என்று தமிழே பிரித்து வைத்திருக்கிறது. ‘நாளைக்கு உங்கட வீட்டுக்குக் கொண்டு வாறன்’ என்று கேட்பவர் பக்கம் போவதற்கும் நாங்கள் ‘வா’வைப் போடுகிறோம், அங்கேயும் ப்ரிங்தான். ‘எடுத்து வா’ என்ற சொல்லில் மட்டும் கவனம். முன்னால் எடு நிற்கிறதே என்று டேக் போட்டுவிடாதீர்கள்.

பிழைக்கு ஆங்கிலத்தில் ‘மிஸ்டேக்’ என்கிறோமே, அதற்குள்ளும் இதே டேக்தான் இருக்கிறது. ஒன்றை வேறொன்றாக எடுத்துக்கொள்வது. அதுவும் மிஸ்டுக், மிஸ்டேக்கன் என்றே மாறும். நான் பிழையாக நினைத்துவிட்டேன் என்பதற்கு ‘ஐ வாஸ் மிஸ்டேக்கன்’. உப்புவெளி அண்ணருக்கு இந்த வசனம் மிகவும் பிடித்துப்போய், அந்தத் தம்பதிக்கு அதையே எழுதி அனுப்பினார். கீழே இரண்டாவது வரியாக, ‘ப்ளீஸ் கோல் மீ’. இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.