சென்னை டூ சிங்கப்பூர்: எத்தன கிலோமீட்டர், நெஜமா எத்தன மணி நேரம்?

அம்மா அப்பாவ முதல் தடவ சிங்கப்பூருக்கு அனுப்புறவங்க டிக்கெட்ட பாத்ததும் பயந்துடுறாங்க, நைட் 11.30க்கு கெளம்பி காலைல 6.15க்குத்தான் இறங்குதுன்னு போட்டிருக்கு, கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் எப்படி உக்காருவாங்கன்னு. அவ்ளோ நேரமெல்லாம் இல்லங்க, நாலு மணி நேரம் சொச்சம்தான்.

டிக்கெட்ல கெளம்புற நேரம் கெளம்புற ஊர் டைம்ல இருக்கும், இறங்குற நேரம் இறங்குற ஊர் டைம்ல இருக்கும். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அதனால அங்க 6.15னா இங்க 3.45, ஆக 11.30ல இருந்து 3.45 வரைக்கும் நாலே கால் மணி நேரம். திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ், நைட் 8 மணிக்கு ஏறி 9.45க்கு சென்னைல இறங்குற மாதிரி காட்டும், ஒன்னே முக்கா மணி நேரத்துல எந்த ஃப்ளைட்டும் வராது.

டைம் வித்தியாசம் ஞாபகம் இல்லன்னாலும் பரவால்ல, போறதுக்கு தெரியுற நேரத்தையும் வர்றதுக்கு தெரியுற நேரத்தையும் கூட்டி பாதியாக்குங்க. 6.45 கூட 1.45, மொத்தம் எட்டரை, பாதி நாலே கால். வித்தியாசம் தானா அடிபட்டுப் போயிடும். லண்டன் மாதிரி ரூட்ல எதிர்காத்து இருக்கறதால போறதுக்கு கொஞ்சம் அதிகமா ஆகும், அங்க இது சராசரியத்தான் சொல்லும்.

தூரம் பாக்க கூகுள் மேப்ஸ்ல ரூட் போடாதீங்க, சென்னை ஏர்போர்ட்ட கம்ப்யூட்டர்ல ரைட் க்ளிக் பண்ணி தூரத்தை அளக்குற ஆப்ஷன எடுத்து சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்ல க்ளிக் பண்ணுங்க, சுமார் 2,900 கிலோமீட்டர் வரும். ஃப்ளைட் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர் போகும்னு வச்சு, இத 850ஆல வகுத்தா ஏறக்குறைய மூணு மணி 25 நிமிஷம், அதோட ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்க வரிசைல நிக்கிறதுக்குன்னு முக்கா மணி நேரம் சேத்துக்கங்க. டிக்கெட் கணக்குக்கு பக்கத்துல வந்துடும். எந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் இதே வழிதான்.

ஆனா வீட்ல சொல்ல வேண்டிய நேரம் இது இல்ல. ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போகணும், அங்க இமிக்ரேஷன், பெட்டி, ரயில்னு ஒன்றரை மணி நேரமாவது வைங்க, ஆக கிட்டத்தட்ட ஒம்போது மணி நேரப் பயணம். சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு இந்த கணக்குதான் முக்கியம், மாத்திரையும் சாப்பாடும் கைப்பைலயே இருக்கட்டும், எந்த ஊர் டைம்ல போடணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க.

நடுராத்திரி ஃப்ளைட்டுன்னா தேதிய ரெண்டு தடவ பாருங்க. 15ஆம் தேதி 12.30 ஏஎம்னு இருந்தா 14ஆம் தேதி ராத்திரி ஒம்போது மணிக்கே ஏர்போர்ட்ல இருக்கணும், 15ஆம் தேதி ராத்திரி போனா ஃப்ளைட் போய் ஒரு நாள் ஆயிருக்கும். இறங்குற நேரத்துக்குப் பக்கத்துல ப்ளஸ் ஒன்னுன்னு (+1) சின்னதா இருந்தா மறுநாள் இறங்குதுன்னு அர்த்தம், கூட்டிட்டுப் போக வர்ற பிள்ளைங்களுக்கு அந்தத் தேதியத்தான் அனுப்பணும். சிங்கப்பூருக்குள்ள போறதுக்கான எஸ்ஜி அரைவல் கார்டுங்கற ஃபார்ம, இறங்குற நாளோட சேத்து கடைசி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போட்டுடுங்க, அதுக்கு காசு கிடையாது.