கற்பனை நாட்டுக்கு ஒரு தொப்பிச் சட்டம்

ரோல்பிளே விளையாட்டுக்கு (ஆடுபவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடிக்கும் கதை விளையாட்டு) உலகம் உருவாக்கும்போது "ஊதா அரச நிறம், கறுப்பு தீய நிறம்" என்று பட்டியல் போட்டால் யாருக்கும் நினைவில் நிற்காது. முதலில் சாயம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். ரோமில் ஊதா அதிகாரத்தின் நிறமானதற்குப் பெரிய தத்துவம் தேவைப்படவில்லை. சிறிதளவு சாயத்துக்கே ஆயிரக்கணக்கான கடல் நத்தைகள் வேண்டியிருந்தன, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரே ஒரு ஆடைச் சட்டம் போதும். ஆனால் அதனால் யாருக்கு லாபம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1571-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் கம்பளித் தொப்பி அணிய வேண்டும். பிரபுக்களுக்கு விலக்கு. தவறினால் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். எல்லாம் கம்பளித் தொப்பித் தொழிலைத் தூக்கி நிறுத்தத்தான்!

இதை ஆட்டத்தில் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். கோட்டை வாசலில் காவலன் ஒருவன் வணிகனின் சட்டைக் கையை மெல்ல மடித்துப் பார்க்கட்டும். உள்துணி, உங்கள் சட்டம் வணிகர்களுக்குத் தடுத்த ஊதா. அபராதமா, பொய்யா, ஓட்டமா? ஆடுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.